இரண்டு பாதையில் வந்த நான்கு ஒலிகள்

கண்ணுக்கு இமை உண்டு. காதுக்கு இமை இல்லை. கண் தனக்கு முன்னே உள்ளதை மாத்திரம் காண்பது. காதோ முன், பின், இடம், வலம் என்னும் நான்கு திசைகளையும் ஒருங்கே காவல் செய்வது. நள்ளிரவில் வளவின் எந்த மூலையில் காவோலை விழுந்தது என்பதைப் படுக்கையில் கிடந்தவாறே சொல்லவல்ல பாட்டிமாரை நாம் அறிவோம். திசையறியும் இந்த ஆற்றல் இயற்கை நமக்கு அளித்த பெருஞ்செல்வங்களுள் ஒன்று.

சென்ற கிழமை இப்பகுதியில் செவியின் அமைப்பைப் பற்றி எழுதியிருந்தேன். அதனைப் படித்த உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன், பாடம் முடிந்து மற்றவர்கள் வெளியேறிய பின்னர் என்னிடம் வந்தான்.

"சேர், படமாளிகையில் மழை பெய்தால் எங்களுக்குப் பின்னாலும் பெய்கிறது. வீட்டுப் பெட்டிகளிலும் இப்போது 5.1 என்று எழுதியிருக்கிறார்கள். ஒலிபெருக்கிகளின் தொகை கூடக்கூட ஒலியின் தரமும் கூடுமா?" என்று கேட்டான்.

வினா சிறிது, விடை சிறிதன்று. "கூடும்" என்பதும் முழு உண்மையன்று. "கூடாது" என்பதும் முழு உண்மையன்று. இந்த வினாவுக்கு விடை கூறப் புதிய கருவிகளைவிட ஒரு பழைய கருவியே பெரிதும் உதவும். இன்று எவரும் செய்யாத, எவரும் விற்பனைக்கென வெளியிடாத லேசர் காட்சித்தட்டு என்பதே அது.

மாமா வீட்டுத் தட்டுகள்

சில ஆண்டுகளுக்கு முன்னர் மார்கழி விடுமுறையில் சிங்கப்பூரில் வதியும் என் தாய்மாமன் வீட்டுக்குச் சென்றிருந்தேன். அவருடைய கூடத்தின் ஒரு சுவர் முழுவதும் இசைத்தட்டு உறைகளைப் போன்ற பெரிய உறைகள் அடுக்கப்பட்டிருந்தன. ஒன்றை உருவிப் பார்த்தேன். உள்ளே 30 சதமமீற்றர் விட்டமுடைய தட்டு. கறுப்பு நிறமன்று, இரு புறமும் வெள்ளித் தாம்பாளம் போல் மின்னியது. கையில் எடுத்தால் நல்ல பாரம்.

"தம்பி, சோபாவிலை நடுவாக இரும். கண்ணை மூடிக்கொண்டு கேளும்" என்றார் மாமா.

தட்டு சுழலும் இரைச்சல் முதலிற் கேட்டது. பின்னர் ஒருவர் பேசும் குரல் தொலைக்காட்சித் திரையின் நடுவிலிருந்து தெளிவாக வந்தது. சிறிது நேரத்தில் மழை தொடங்கிற்று. அந்த மழை திரையில் மட்டும் பெய்யவில்லை. என் முதுகுக்குப் பின்னும், இரு தோள்களின் பக்கத்தும் பெய்தது. குரல் மாத்திரம் தன் இடத்தை விட்டு அசையவில்லை. என்னையறியாமலே கண்ணைத் திறந்து யன்னலைப் பார்த்தேன். வெளியே நல்ல வெயில்.

"மாமா, இந்தத் தட்டில் எத்தனை ஒலிவழிகள் இருக்கின்றன?" என்று கேட்டேன்.

"ரண்டே ரண்டுதான்" என்று சிரித்தார் அவர்.

இரண்டு பாதைகளிலிருந்து, முன்னே இடம், நடு, வலம் என மூன்று ஒலிகளும் பின்னே ஓர் ஒலியும் ஆக நான்கு ஒலிகள் எவ்வாறு பிறந்தன? இதுவே கதை.

தட்டின் உள்ளே

பிலிப்ஸ் நிறுவனமும் அமெரிக்காவின் எம்.சி.ஏ. நிறுவனமும் கூடி உருவாக்கிய இந்தத் தட்டு, 1978ஆம் ஆண்டு டிசெம்பரில் அமெரிக்காவின் அத்லாந்தா நகரில் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. பின்னர் யப்பானின் பயனியர் நிறுவனம் இதனைத் தன் பிள்ளையாகவே ஏற்று வளர்த்தது. அமெரிக்காவில் இதனை வாங்கியோர் தொகை என்றும் சிறிதே. யப்பான், ஹொங்கொங், சிங்கப்பூர் முதலிய இடங்களிலோ இது நன்கு வேரூன்றியது.

லேசர் ஒளிக்கதிரால் வாசிக்கப்படுவதால் இதுவும் இன்றைய சிறிய தட்டுகளைப் போல் எண்களாலான பதிவு என்று பலர் எண்ணுவர். அஃது அவ்வாறன்று. தட்டின் அலுமினியப் படலத்தில் நுண்ணிய குழிகள் நிரைநிரையாக உள்ளன. அக்குழிகளின் நீளமும் இடைவெளியும் அலையின் போக்குக்கேற்ப மாறுவன. அதாவது, படம் அலையாகவே பதியப்பட்டது, எண்ணாக மாற்றப்படவில்லை. ஒலியும் முதலில் அவ்வாறே 2.3, 2.8 மெகா ஹேட்ஸ் மீடிறனுடைய இரண்டு ஊர்தி அலைகளின் மேல் ஏற்றி அனுப்பப்பட்டது. அமெரிக்க முறைத் தட்டின் ஒரு பக்கத்தில் 30 நிமிடப் படம் அடங்கும். நீள ஓட்டமுள்ள வகையாயின் 60 நிமிடம் அடங்கும். இரண்டு மணி நேரப் படத்தின் இடையில் ஒருமுறையேனும் தட்டின் மறுபக்கத்துக்கு மாறியே ஆகவேண்டும்.

இதே காலத்தில் இன்னொரு வகைக் காட்சித்தட்டும் இருந்தது. அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனம் 1981ஆம் ஆண்டு வெளியிட்ட அத்தட்டைப் பழைய கிராமபோன் போல ஊசியொன்று தடவிச் சென்றது. அதன் முதற் கருவிகள் ஒற்றை ஒலி மாத்திரம் தந்தன. ஊசி தேயும், தட்டும் தேயும். 1984ஆம் ஆண்டு அந்நிறுவனம் கருவி செய்வதை நிறுத்திக்கொண்டது. லேசர் தட்டை ஒளியன்றி வேறெதுவும் தீண்டுவதில்லை. ஆகவே எத்தனை முறை ஓட்டினாலும் அது தேய்வதில்லை. இந்த ஒரு குணம் பின்னர் பெரிதும் பயன்படப் போவதை அன்று எவரும் எண்ணியிரார்.

நுகமும் துலாவும்

நான்கை இரண்டாக்கும் வித்தை வீட்டுக்காகப் பிறந்ததன்று, படமாளிகைக்காகப் பிறந்தது. படச்சுருளின் ஓரத்தில் ஒலிக்கென விடப்பட்ட இடம் மிகச் சிறிது. அதில் இரண்டு ஒலிக்கோடுகளை மட்டுமே வைக்க முடிந்தது. டொல்பி நிறுவனத்தார் அந்த இரண்டு கோடுகளுக்குள் நான்கு ஒலிகளை அடக்கும் முறையைக் கைக்கொண்டனர். 1976ஆம் ஆண்டு வெளியான 'ஏ ஸ்ரார் இஸ் போர்ன்' படத்திலும், அடுத்த ஆண்டு வெளியான 'ஸ்ரார் வோர்ஸ்' படத்திலும் இம்முறை கையாளப்பட்டது. இந்நிறுவனத்தை 1965ஆம் ஆண்டு இலண்டனில் தொடக்கிய றே டொல்பி, அதற்கு முந்திய இரண்டு ஆண்டுகள் இந்தியாவில் ஐக்கிய நாடுகள் சபையின் தொழில்நுட்ப ஆலோசகராகப் பணி புரிந்தவர் என்பது நம்மவர்க்குச் சுவை பயக்கும் செய்தி.

முறையை விளக்குவேன். ஒரு நுகத்தில் பூட்டிய இரண்டு எருதுகளை நினைத்துக்கொள்க. இரண்டும் ஒரே வேளையில் முன்னே அடியெடுத்து வைக்கின்றன. இதனை ஒரே அவத்தை என்று பௌதிக நூலார் கூறுவர். இனி, நமது கிணற்றடித் துலாவை நினைத்துக்கொள்க. அதன் ஒரு முனை உயர மறுமுனை தாழும். இது எதிர் அவத்தை. நடுவிலிருந்து வரவேண்டிய குரலை, இரு பாதைகளிலும் சம அளவில், எருதுகளைப் போல் ஒரே அவத்தையில் ஏற்றினர். பின்னிருந்து வரவேண்டிய மழையையும் காற்றையும் இரு பாதைகளிலும் சம அளவில், ஆனால் துலாவைப் போல் எதிர் அவத்தையில் ஏற்றினர். இடப்புற ஒலி இடப் பாதையில் மட்டும். வலப்புற ஒலி வலப் பாதையில் மட்டும்.

இனிப் பிரிப்பது எப்படி? மாணாக்கர் அறிந்த கூட்டலும் கழித்தலுமே போதும். இரு பாதைகளையும் கூட்டினால், எதிர் அவத்தையில் உள்ள மழை ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், குரல் எஞ்சும். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால், குரல் அழிந்துபோகும், மழை எஞ்சும். கூட்டி வந்ததை நடு ஒலிபெருக்கிக்கும், கழித்து வந்ததைப் பின் ஒலிபெருக்கிக்கும் அனுப்பினால் முடிந்தது காரியம்.

படமாளிகைக்கென ஏற்றப்பட்ட அந்த இரண்டு பாதைகளே பின்னர் அப்படியே வீட்டுத் தட்டுக்கும் மாற்றப்பட்டன. ஆகவே, தட்டை வாங்கியவர் அறியாமலே நான்கு ஒலிகளும் அவர் வீட்டுக்குள் வந்து சேர்ந்துவிட்டன. பிரிக்கும் கருவி வீடுகளுக்கு 1982ஆம் ஆண்டிற்றான் வந்தது. எனினும் அதற்கு முன்னர் வாங்கிய தட்டுகள் சிலவற்றிலும் மழை உள்ளே மறைந்தே இருந்தது. வெளியே எடுப்பார் இல்லாமற் கிடந்தது.

மாமாவிடமும் தொடக்கத்தில் அக்கருவி இல்லை. அவர் தமது பெருக்கியின் இரு பக்க நேர்முனைகளுக்கிடையே ஒரு பழைய ஒலிபெருக்கியை இணைத்து அறையின் பின்புறம் வைத்தாராம். அந்த ஒலிபெருக்கி இரு பாதைகளின் வேறுபாட்டை மாத்திரம் ஒலிக்கும். அதாவது கழித்தல் கணக்கைத் தானே செய்யும். குரல் மறைந்து மழை மாத்திரம் அதிலிருந்து வந்தபோது தாம் சிறுபிள்ளை போல் துள்ளியதாக மாமா சொன்னார். (இன்றைய பெருக்கிகள் சில இவ்வாறு இணைத்தாற் பழுதடையும், ஆகவே மாணாக்கர் இதனை வீட்டிற் செய்துபார்க்க வேண்டா.)

தரம் எங்கே கெடுகிறது?

இம்முறையில் குறைகளும் உண்டு. இடப்புறத்துக்கு மாத்திரம் உரிய ஒலியும் கூட்டலில் ஓரளவும் கழித்தலில் ஓரளவும் எஞ்சிநிற்கும். அதனால் அது நடுவிலும் பின்னிலும் கசியும். அக்கசிவு மூல ஒலியிலும் 3 டெசிபெல் மாத்திரமே குறைந்தது. காதுக்கு அது பெரிய வேறுபாடன்று. இதனைச் சரிசெய்ய இரண்டு உபாயங்கள் கையாண்டனர்.

முதலாவது உபாயம் காலந்தாழ்த்துதல். பின் ஒலியை ஒரு செக்கனின் ஐம்பதில் ஒரு பங்கு அளவில் தாமதித்து அனுப்பினர். ஒரே ஒலி இரண்டு இடங்களிலிருந்து சிறு இடைவெளியில் வந்தால், முந்தி வந்த திசையையே காது நம்பும் என்பதை ஜேர்மனியின் கொட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் ஹெல்மூட் ஹாஸ் என்பவர் 1949ஆம் ஆண்டு தமது ஆய்வேட்டில் நிறுவினார். கோயிலின் கல்மண்டபத்தில் நாதசுரம் வாசிக்கும்போது சுவர்களெல்லாம் எதிரொலித்தாலும், வாசிப்பவர் நிற்கும் இடம் நமக்குத் தவறுவதில்லை அன்றோ? அதே நியதிதான். முன்னே பிறந்த குரல் பின்னே கசிந்தாலும், முந்தி வந்த முன் ஒலியைக் காது பற்றிக்கொள்ளும். இரண்டாவது உபாயம் 1987ஆம் ஆண்டு வந்த 'புறோ லொஜிக்' என்னும் பிரிகருவி. எந்தத் திசையின் ஒலி ஓங்கி நிற்கிறது என்பதை அது கணந்தோறும் அளந்து, மற்றத் திசைகளிற் கசிவதை அடக்கிற்று.

ஆயினும் எவ்வளவு நல்ல பிரிகருவியும், தன்னிடம் வந்துசேரும் இரு பாதைகளும் பழுதின்றி வந்தாலன்றி ஒன்றும் செய்ய இயலாது. எருதுகள் ஒத்து நடக்கும் வரைதான் வண்டி நேரே ஓடும். எங்கள் கல்லூரி மண்டபத்தில் ஒரு விழாவின்போது இரண்டு ஒலிபெருக்கிகளுள் ஒன்றின் கம்பிகள் முனைமாறிப் பொருத்தப்பட்டுவிட்டன. நடுவில் இருந்தோர்க்குப் பேச்சாளரின் குரல் எங்கிருந்து வருகிறதென்றே புலப்படவில்லை. குரலின் கனமும் போய்விட்டது. கம்பிகளை மாற்றியவுடன் குரல் மேடைக்குத் திரும்பிற்று. அவத்தை பிழைத்தால் வரும் கேடு இத்தகையது.

சாதாரண ஒலிநாடாவில் இக்கேடு சிறிய அளவில் எப்போதும் உண்டு. நாடாவைப் படிக்கும் தலை மயிரிழை சாய்ந்திருந்தாலும், ஒரு பாதை மற்றதற்கு நுண்ணளவு பிந்திவிடும். உயர்ந்த மீடிறன்களில் அச்சிறு பிந்தலே அவத்தையைக் குலைக்கப் போதும். அப்பொழுது, முன்னே பேசுபவரின் 'ச'கர ஒலி மட்டும் சிதறிப் பின்னால் 'ஸ்ஸ்' என்று கேட்கும்.

லேசர் தட்டின் சிறப்பு இவ்விடத்திலேதான் விளங்கிற்று. 1980களின் நடுப்பகுதியில், தட்டில் பயன்படாமற் கிடந்த தாழ்ந்த மீடிறன் பகுதியில் எண்முறை ஒலியைச் சேர்க்க வழி கண்டனர். இசைக்கென வந்த சிறிய குறுந்தட்டில் உள்ள அதே ஒலிதான் அது: செக்கனுக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 இலக்கத்தில் எழுதி, எதனையும் சுருக்காமலும் விலக்காமலும் வைக்கும் முறை. செக்கனுக்கு 1,411,200 பிட்டுகள் என்று கணக்கு. தலை சாய்வதில்லை, நாடா நீள்வதில்லை, இரு பாதைகளும் ஏற்றப்பட்டபடியே இறங்கின. மாமா வீட்டில் மழை பின்னாலும் குரல் நடுவிலும் அவ்வளவு உறுதியாக நின்றதற்குக் காரணம் ஒலிபெருக்கிகளின் தொகையன்று. இரண்டு பாதைகளின் நேர்மையே.

நான்கு ஆறாகியது

பின் ஒலி ஒன்றேயாக இருந்ததும், அதுவும் 7,000 ஹேட்ஸுக்கு மேற்பட்ட மீடிறன்கள் நீக்கப்பட்டதாய் இருந்ததும் படமெடுப்போர்க்கு மனக்குறையாகவே இருந்தன. 1992ஆம் ஆண்டு 'பட்மன் றிற்றேண்ஸ்' படத்துடன் டொல்பி எண்முறை ஒலி படமாளிகைக்கு வந்தது. முன்னே மூன்று, பின்னே இரண்டு. இவை ஐந்தும் தனித்தனியானவை. ஆறாவதாக, இடி, வெடி போன்ற தாழ்ந்த ஒலிகளுக்கு மாத்திரம் ஒரு வழி. அது குறுகிய வீச்சுடையதாதலின் முழு ஒன்றாக எண்ணாது 'புள்ளி ஒன்று' என்றனர். 5.1 என்பதன் பொருள் இதுவே.

இதனை வீட்டுத் தட்டில் வைக்க இடம் ஏது? மீண்டும் பழைய வீட்டுக்குள்ளேயே ஓர் அறையைத் தேடினர். எண்முறை ஒலி வந்த பின்னர் பழைய அலைமுறை ஒலிவழிகள் இரண்டும் அரிதாகவே பயன்பட்டன. அவற்றுள் வலப்பாதையை நீக்கி, அவ்விடத்தில் ஆறு ஒலிகளையும் சுருக்கி வைத்தனர். 1995ஆம் ஆண்டு சனவரியில் 'கிளியர் அன்ட் பிரசன்ற் டேஞ்சர்' என்ற படம் இவ்வாறு முதலில் வெளியாயிற்று. 1978ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட தட்டு, பதினாறு ஆண்டுகளுக்கும் மேல் கழிந்தபின், அதனை வகுத்தோர் கனவிலும் காணாத ஒன்றைத் தாங்கிற்று. அமெரிக்க முறைத் தட்டுகளுக்கே இப்பேறு வாய்த்தது. நமது நாட்டிலும் சிங்கப்பூரிலும் வழங்கிய பால் முறைத் தட்டுகளில் அலைமுறை ஒலியும் எண்முறை ஒலியும் ஒருங்கே இருக்க இடம் போதாது. அதனால் மாமா அமெரிக்கத் தட்டுகளையே வருவித்தார். அவற்றைக் காட்டவல்ல தொலைக்காட்சியும் வாங்கினார்.

1997ஆம் ஆண்டு டி.ரி.எஸ். என்னும் மற்றொரு முறையும் 'ஜூராசிக் பார்க்' படத்துடன் தட்டுக்கு வந்தது. இஃது எண்முறை ஒலியின் இடத்தையே முழுவதும் எடுத்துக்கொண்டது. உரிய பிரிகருவியின்றி அத்தட்டின் எண்முறை ஒலியைக் கேட்டால் வெறும் இரைச்சலே வரும். மாமா முதன்முறை அவ்வாறு ஓட்டியபோது, சமையலறையில் இருந்த மாமி, எண்ணெய்ச் சட்டி தீப்பற்றியதோ என்று எண்ணி அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தாராம்.

எண்ணிக்கையும் தரமும்

இனி, மாணவனுடைய வினாவுக்கு வருவோம். ஆறு பெரிதா, இரண்டு பெரிதா?

ஐந்து முழு ஒலிவழிகளைச் செக்கனுக்கு 48,000 முறை அளந்து 16 இலக்கத்தில் எழுதினால், செக்கனுக்கு 3,840,000 பிட்டுகள் வேண்டும். தட்டில் ஆறு ஒலிகளுக்குமாகச் சேர்த்து டொல்பி முறை எடுத்துக்கொண்டது 384,000 மாத்திரம். ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு! எஞ்சியவை எங்கே போயின? பெரிய ஒலி ஒன்று கேட்கும்போது அதனை அடுத்த மீடிறனில் உள்ள சிற்றொலி காதுக்குப் புலப்படாது. தவில் முழங்கும்போது அருகில் இருப்பவர் முணுமுணுப்பது கேட்பதில்லை அன்றோ? அவ்வாறு புலப்படாதனவற்றைத் தேர்ந்து விலக்கிவிடுவர். டி.ரி.எஸ். முறை செக்கனுக்கு 12 இலட்சத்துக்கு மேற்பட்ட பிட்டுகளை எடுத்துக்கொண்டது. ஆகவே விலக்கியது குறைவு. எனினும் அதுவும் விலக்கியதே.

ஆகவே, திசையில் ஆறு வென்றது; முழுமையில் இரண்டு வென்றது. வானவூர்தி ஒன்று இடப்புறப் பின்னிருந்து வலப்புறப் பின்னுக்குச் செல்வதைப் பழைய இரட்டைப் பாதை ஒருபோதும் காட்டமாட்டாது. வயலின் நரம்பில் வில் உராயும் நுட்பத்தைச் சுருக்கிய ஆறும் அவ்வளவு முழுமையாய்த் தரமாட்டா என்பாரும் உளர். எதனை நாடுகிறோமோ அதற்கேற்பவே தரம் என்ற சொல்லுக்குப் பொருள் உண்டாகின்றது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். டொல்பி பெரிதா, டி.ரி.எஸ். பெரிதா என்று தட்டுச் சேகரிப்போர் பல்லாண்டு வாதிட்டனர். இரண்டு தட்டுகளை ஒப்பிடும்போது, ஒன்று மற்றதிலும் சிறிது உரத்து ஒலித்தால் அதுவே சிறந்ததென்று காது மயங்கும். இரண்டிலும் ஒலிக்கலவையே வேறாயிருப்பதும் உண்டு. அளவைச் சமன் செய்யாமல் ஒப்பிடுவது, ஒரு தட்டில் கல்லை வைத்துவிட்டுத் தராசைப் பார்ப்பதற்கு ஒப்பாகும். ஆய்வுகூடத்தில் மாணாக்கர் கற்கும் முதற்பாடமும் இதுவே: ஒன்றை மாற்றும்போது மற்றவற்றை மாறாமல் வைத்துக்கொள்க.

பழைய பாத்திரமும் பழைய பொருளும்

இதுகாறும் கூறியவை கருவியின் கதை. இனிக் கூறுவதே நான் இன்று எழுதப் புகுந்ததன் காரணம்.

1996ஆம் ஆண்டு யப்பானிலும் 1997இல் அமெரிக்காவிலும் டி.வி.டி. என்னும் சிறிய தட்டு வந்தது. லேசர் தட்டுக்கு அத்துடன் அந்திமகாலம் தொடங்கிற்று. 2009ஆம் ஆண்டு பயனியர் நிறுவனம் கருவிகள் செய்வதையும் நிறுத்தியது. பலர் தங்கள் தட்டுகளை வீதியோரத்தில் விட்டனர். "எல்லாம் புதிய தட்டில் வந்துவிட்டதே" என்பது அவர்கள் கூறிய நியாயம்.

எல்லாம் வந்துவிட்டதா? 1984ஆம் ஆண்டு வெளியான 'ரேர்மினேற்றர்' படத்தின் மூல ஒலி ஒற்றை ஒலி. 2001ஆம் ஆண்டு டி.வி.டி.க்கென அதனை 5.1 ஆக்கியபோது, துப்பாக்கி ஒலிகள் பலவற்றை நீக்கிப் புதியவற்றைச் சேர்த்தனர். ஒலிபெருக்கிகள் கூடின, ஆனால் 1984இல் மக்கள் கேட்ட ஒலி அதுவன்று. 'ஸ்ரார் வோர்ஸ்' படம் 1997ஆம் ஆண்டு பல மாற்றங்களுடன் மீண்டும் வெளியிடப்பட்டது. மாற்றம் செய்யாத வடிவத்தை 2006ஆம் ஆண்டு டி.வி.டி.யில் வெளியிட்டபோது, அதனை வெளியிட்டோர் பயன்படுத்தியது 1993ஆம் ஆண்டு லேசர் தட்டுக்கெனச் செய்த பிரதியையே! கழிந்துபோனதென்று பலர் கைவிட்ட தட்டின் பிரதிதான் அன்று கைகொடுத்தது.

இது புதுமையன்று. வோல்ட் டிஸ்னியின் 'பன்ராசியா' 1940ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் நாள் நியூயோர்க்கில் திரையிடப்பட்டபோது, அதன் இசைக்கென மூன்று ஒலிவழிகளைத் தனிப் படச்சுருளில் ஓட்டி, அரங்கைச் சூழ ஒலிக்கச் செய்தனர். சூழொலியின் தொடக்கங்களுள் அஃதொன்று. 1955ஆம் ஆண்டளவில் அந்த மூலச் சுருள்கள் கெடத் தொடங்கவே, உயர்தரத் தொலைபேசிக் கம்பி வழியே அவ்விசையை அனுப்பிக் காந்தப் பதிவாக மாற்றினர். கம்பி வழியே வந்ததால் ஒலியின் செம்மை சிறிது குன்றியது. ஆனாலும் அன்று அவ்வாறு செய்திராவிடின், 1990ஆம் ஆண்டு அப்படத்தைப் புதுப்பித்தபோது அந்த இசையை மீட்க மூலமே இருந்திராது. குறையுள்ள பிரதி, இல்லாத மூலத்திலும் மேலானது.

லேசர் தட்டும் இன்று அந்நிலையில் நிற்கிறது. ஒளி அதனைத் தேய்ப்பதில்லை என்றேன். ஆனால் காற்று அதனைத் தின்னும். ஒரு தட்டென்பது உண்மையில் இரண்டு தட்டுகளை முதுகோடு முதுகு ஒட்டியது. ஒட்டிய பசை சரியில்லையாயின், அலுமினியப் படலம் மெல்ல மெல்ல ஒட்சியேற்றம் அடையும். படத்தில் புள்ளிகள் தோன்றும். ஒலியில் வெடிப்புகள் கேட்கும். பின்னர் ஒருநாள் தட்டு ஊமையாகும். எல்லாத் தட்டுகளும் இவ்வாறாவதில்லை. எது ஆகும் என்பதை வெளியிற் பார்த்து அறிவதும் அரிது.

நான் புறப்படுவதற்கு முதல்நாள் மாமா ஒரு தட்டை ஓட்டினார். அவருக்கு மிகவும் பிடித்தமான இசைநிகழ்ச்சி. வேறெந்த வடிவத்திலும் பின்னர் வெளிவராதது என்றார். தொடக்கத்திலேயே திரையில் வெண்புள்ளிகள் மின்னின. பின் ஒலிபெருக்கிகளிற் 'பட் பட்' என்று வெடித்தது. மாமா சிறிது நேரம் பேசாமல் இருந்தார்.

"போன வருசம் நல்லாக இருந்தது, தம்பி. அப்பவே பிரதி எடுத்திருக்கலாம். நாளைக்குச் செய்வம், நாளைக்குச் செய்வம் என்று விட்டிட்டன்."

அன்றிரவு நாங்கள் உறங்கவில்லை. பழுதடையாத தட்டுகளுள் வேறெங்கும் கிடையாதனவற்றைப் பிரித்தெடுத்து, அவற்றின் எண்முறை ஒலியைக் கணினிக்கு மாற்றத் தொடங்கினோம். ஒலியை உரப்பிக்கவில்லை, அழகுபடுத்தவில்லை, இரண்டை ஆறாக்கவுமில்லை. இருந்ததை இருந்தவாறே எடுத்தோம். விடியும்போது நான்கு தட்டுகள் முடிந்திருந்தன. மாமி தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "ரண்டு பேருக்கும் பைத்தியம்" என்று சொல்லிப் போனார்.

அன்புள்ள மாணாக்கனே, உன் வினாவுக்கு என் விடை இதுதான். ஒலிபெருக்கிகளின் தொகை கூடினால் திசை கூடும். தரம் கூடுவதோ, முதலில் ஏற்றப்பட்டது பழுதின்றி வந்து சேர்வதைப் பொறுத்தது. இரண்டு பாதைகள் நேர்மையாக இருந்தால் நான்கு திசையிலும் மழை பெய்யும். ஆறு பாதைகள் இருந்தும் மூலத்தை மாற்றிவிட்டால், கேட்பது வேறொரு மழை.

நேயர்களே, உங்கள் வீட்டு அலுமாரியிலும் லேசர் தட்டு இராவிட்டாலும், பழைய ஒலிநாடா ஒன்று இருக்கலாம். அப்பப்பாவின் குரலோ, அக்காவின் அரங்கேற்றமோ அதிற் பதிந்திருக்கலாம். பெட்டி பழையதென்று எறிவதற்கு முன்னர், உள்ளே இருப்பது வேறெங்கும் உண்டா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால், நாளைக்கு என்று தள்ளிப்போடாதீர்கள்.